என் தங்கை விசுவாசம் அறிக்கையிட்ட நாள்

என் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இதைச் சொன்னவுடன் எதிரே இருப்பவர்களின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். உச்சுக்கொட்டி, "அடப் பாவமே" என்பார்கள். அந்த உச்சுக்கொட்டல் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பாவப்பட வேண்டிய கதை இல்லை. என் தங்கையைப் பற்றியும், என் அம்மாவைப் பற்றியும், எங்களைப் பேர் பேராகத் தெரிந்து வைத்திருந்த கடவுளைப் பற்றியும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கதை.

பல்லடத்துக்குப் பக்கத்தில், பஸ் போகும் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி எங்கள் லைன் வீடு. அப்பாவின் அப்பா காலம் வரை அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை. அப்பாவும் அம்மாவும்தான் முதன்முதலில் காட்டு வேலையை விட்டுத் தறிக்கு வந்தவர்கள். இரண்டு பேரும் ஒரே தறிக்குடோனில் வேலை பார்த்தார்கள். இருபத்து நான்கு விசைத்தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடும். உள்ளே போனவர்களுக்குத் தெரியும், அங்கே காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விளங்காது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ இடிப்பது போல இருக்கும்.

அந்தக் காலத்தில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போனது போலவே தங்கையையும் தூக்கிக்கொண்டு குடோனுக்குப் போனார். மூலையில் சேலைத் தொட்டில் கட்டியிருக்கும். மூன்று நான்கு குழந்தைகள் வரிசையாகத் தொங்கும். தறிச்சத்தம் பழகிய குழந்தைகள் அதிலேயே தூங்கிவிடும். கரண்ட் போனால்தான் தொல்லை. திடீரென்று எல்லாத் தறியும் நிற்க, அந்த அமைதிக்குப் பயந்து குழந்தைகள் வீறிட்டுக்கொண்டு எழும். என் தங்கை மட்டும் எழுந்ததில்லை. "புள்ளைன்னா இப்படியல்ல இருக்கோணும். கரண்டு போனாலும் சிணுங்கறதில்ல" என்று எல்லோரும் மெச்சினார்கள். அம்மாவுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். இரண்டு வருஷம் போன பிறகு, ஒரு நாள் கரண்ட் போய்க் குடோனே நிசப்தமாக இருந்தபோது, அம்மா தொட்டிலுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு தகர டப்பாவை எடுத்துத் தட்டினார். தங்கை விழித்துத்தான் இருந்தாள். தன் கால் விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மிஷின் வைத்தாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா அழுவார் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா அழவில்லை. தங்கையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கட்டை விரலை வாயருகே சாய்த்துக் காட்டினார். குடோனில் "தண்ணி வேணுமா" என்று கேட்பதற்கு அதுதான் சாடை. தங்கை அந்தக் கையையே பார்த்தாள். அம்மா மறுபடி காட்டினார். அவிநாசிப் பக்கத்துக்கார அம்மாள் ஒருவர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "கொழந்தைக்கு என்ன வெளையாட்டுங்க?" என்று கேட்டார். "வெளையாட்டில்லீங்க, பேச்சு" என்றார் அம்மா.

இதைத்தான் அம்மா பிற்பாடு வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தறிக்குடோனில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். இழை அறுந்துவிட்டது என்றால் இரண்டு விரலைக் கோத்து இழுத்து விடுவது. முதலாளி வருகிறார் என்றால் மீசையை முறுக்குவது. டீ குடிக்க வா, கொஞ்ச நேரம் என் தறியைப் பார்த்துக்கொள், தலை வலிக்கிறது, நேற்று மாமியாரோடு சண்டை, எல்லாவற்றுக்கும் சாடை உண்டு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இது பழக்கம். "பாத்துக்க அம்மணி, எத்தனை ஊட்ல செவிட்டுப் புள்ளை பொறந்து, தாய் தகப்பனுக்கு ஒரு வார்த்தை பேசத் தெரியாம நிக்கறாங்க. எனக்குப் பாரு, இந்தப் புள்ளையக் குடுக்கறதுக்குப் பத்து வருசம் முன்னாலயே கடவுள் என்னைத் தறிக்கு அனுப்பிப் பேசக் கத்துக்குடுத்துப் போட்டாரு. நாந்தான் கூலிக்குப் போறோம்னு நெனச்சுட்டு இருந்தேன்." இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு மிடுக்கு வரும். உலகத்திலேயே தன்னைத்தான் கடவுள் தனியாகக் கூப்பிட்டு வேலை சொன்னார் என்பது போல.

தங்கை எட்டாவது வரை கோயமுத்தூரில் காது கேளாதவர்களுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் படித்தாள். தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். எழுதினால் வாக்கியம் முன்பின்னாக இருக்கும், ஆனால் விஷயம் புரிந்துவிடும். ஊருக்குத் திரும்பிப் பதினெட்டு வயதில் அதே குடோனில் தறி ஓட்டப் போனாள். சொல்லப்போனால் அந்தக் குடோனில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே எல்லோரும் அவளைப் போலத்தான். அவள்தான் மற்ற எல்லோரையும்விட வேகமாகப் பேசுவாள். புதுச் சாடைகளை அவள்தான் உண்டாக்குவாள். ஒரு வாரத்தில் குடோன் முழுக்கப் பரவிவிடும்.

குறை வேறு இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் கோயிலில்.

எங்கள் சபையில் பதினைந்து பதினாறு வயதானால் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு நடக்கும். வகுப்பு முடிந்தால், எதை நம்புகிறோம் என்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைப் பிள்ளைகள் சபை முன்னால் சொல்ல, பேராயர் வந்து தலைமேல் கை வைத்து ஜெபிப்பார். அதற்குப் பிறகுதான் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கலாம். தங்கை வயதுப் பிள்ளைகள் எல்லோரும் வாங்கிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் பிறந்தவர்கள்கூட வாங்கிவிட்டார்கள். திருவிருந்து நேரத்தில் பெஞ்சு பெஞ்சாக எழுந்து போவோம். எங்கள் பெஞ்சில் அவள் மட்டும் முட்டியை ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவளைச் சேர்க்கக் கூடாது என்று யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "அதுக்கென்னங்க, அந்தப் புள்ளைகிட்டக் கடவுள் கணக்கா கேக்கப் போறாரு? நேரா மோட்சந்தான்" என்று சபைச் செயலர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத் தாண்டி என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சபைக்குப் புதிதாக ஒரு போதகர் மாற்றலாகி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல உயரம், கனத்த குரல். எதையும் சட்டப்படிதான் செய்வார். அவர் வந்த மூன்றாவது ஞாயிறு, திருவிருந்து முடிந்து வந்தபோது தங்கை என்னிடம் தன் பாட்டுப்புத்தகத்தின் பின் அட்டையைக் காட்டினாள். பென்சிலில் எழுதியிருந்தாள்: "எல்லாருக்கும் அப்பம். எனக்கு ஏன் இல்லை. அவர் என்னை எண்ணவில்லையா."

நான் அதைப் படித்துவிட்டு மூடிவைத்துவிட்டேன். அம்மாவிடம் காட்டவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு அவளோடு வெளியில் நிற்பதே சங்கடம். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் எஸ்.டி.டி. பூத்தில் எனக்கு வேலை. கண்ணாடி அறையும், சிவப்பு எண்கள் ஓடும் மீட்டருமாக ஊருக்கே அது ஒரு கௌரவமான இடம். ராத்திரி ஷிப்ட் வாரங்களில் மதியம் தங்கை எனக்குச் சோறு கொண்டுவருவாள். முன்பக்கம் வந்தால் நாங்கள் கையை ஆட்டிப் பேசுவதை வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள் என்று, பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தேன். அவள் ஏனென்று கேட்டதில்லை. பின்பக்கமாகவே வந்து தூக்குப்போசியைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

பாட்டுப்புத்தகத்தை அம்மா தானாகவே பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"அய்யா, ஒண்ணு கேக்கோணுங்க. கடவுளுக்குக் காது மட்டுந்தான் உண்டுங்களா, கண்ணும் உண்டுங்களா?"

போதகர் சிரித்துவிட்டார். "எல்லாம் உண்டும்மா. எதுக்குக் கேக்கீங்க?"

"அப்படீன்னா என்ற புள்ளை கையால சொல்ற விசுவாசப் பிரமாணம் அவருக்குத் தெரியாமப் போயிருமுங்களா?"

போதகர் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். பிறகு சொன்னார், "அம்மா, அவ சொல்லுதது கடவுளுக்குத் தெரியும். எனக்குத் தெரியணும்லா? பேராயர் முன்னால, 'இந்தப் பிள்ளையை நான் பரீட்சை பண்ணிட்டேன்'னு கையெழுத்துப் போடணும். நான் கேக்கேன், நீங்க சைகை காட்டுதீங்க, அவ ஏதோ காட்டுதா, அதை உங்க மூத்த மகளே எனக்குச் சொல்லுதான்னா, அது தங்கச்சி விசுவாசமா, அக்கா விசுவாசமான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்தான். இதுவரை யாரும் அவளைப் பரீட்சை பண்ண வேண்டும் என்றே நினைத்ததில்லை, இவர் நினைத்தார். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது என்று முகத்திலேயே தெரிந்தது.

"நாளைக்குக் குடோனுக்கு வாங்க அய்யா. வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க."

மறுநாள் போதகர் வெள்ளை வேட்டி சட்டையோடு சைக்கிளில் வந்தார். உள்ளே காலெடுத்து வைத்தவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். அப்பா வந்து ஏதோ சொன்னார், அவருக்குக் கேட்கவில்லை. அவர் அப்பாவிடம் ஏதோ கத்தினார், அப்பாவுக்குக் கேட்கவில்லை. அன்று பூத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மைக் இல்லாமலே கோயில் கடைசி வரைக்கும் குரல் கொடுக்கிறவர், அங்கே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றார். குடோனின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஆட்கள் கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் தங்கை நான்கு தறிகளைப் பார்த்துக்கொண்டே மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். போதகருக்கு மட்டும்தான் அங்கே ஒன்றும் விளங்கவில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள நாந்தான் ஊமை" என்றார்.

வழியும் அங்கேயே கிடைத்தது. குடோனில் தார் ஓட்டும் அக்கா ஒருவர் இருந்தார். தறியில் அங்குமிங்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூல் குச்சியைத் தார் என்போம். அதைச் சுற்றிக் கொடுப்பது அவர் வேலை. மாரியம்மனுக்கு வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவர். எங்கள் கோயிலுக்குள் அதுவரை வந்ததே இல்லை. விசுவாசப் பிரமாணம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. "அவங்களே சொல்லட்டும். எது சரியான பதில்னு தெரியாதவங்கதான் சரியான சாட்சி" என்றார் போதகர்.

சனிக்கிழமை மதியம் கோயிலில் பரீட்சை. போதகர் கேள்வியை வாயால் கேட்பார். அம்மா அதைச் சாடையில் காட்டுவார். தங்கையின் பதிலைத் தார் ஓட்டும் அக்கா வாய்விட்டுச் சொல்வார். நான் பத்தடி தள்ளி, பேசாமல் உட்கார்ந்து, நான் பார்த்ததைக் காகிதத்தில் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கடைசியில் பார்ப்பது. அப்பா வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே வரவில்லை. அவருக்குப் படபடப்பு.

முதலில் சுலபமான கேள்விகள். உன்னை உண்டாக்கியது யார், இயேசு யார். தங்கை சரசரவென்று சொன்னாள். பிறகு போதகர் கேட்டார், "பாவம்னா என்ன?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். பிறகு கைகள் ஓட ஆரம்பித்தன. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துச் சொன்னார்: "இழை அறுந்து கெடக்குதுங்க. பாத்துப்போட்டும் பாக்காத மாதிரி தறிய ஓட்டுறது. பொறகு பழுது தெரியாம உள்ள மடிச்சு வெச்சுர்றது. அதானுங்களாம்."

போதகர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. இயேசு அதுக்கு என்ன செஞ்சார்?"

தங்கை மடித்த துணியை எடுத்து விரிப்பது போலக் காட்டினாள். பழுதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நெஞ்சில் கை வைத்தாள். அக்கா இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னார். "முதலாளி துணிய விரிச்சுப் பாக்கறாருங்க. யாரு நெய்ததுன்னு கேக்கறாரு. அவரு முன்னால வந்து, நான் நெய்ததுன்னு சொல்லிப்போட்டாருங்களாம். இவ நெய்தத." சொல்லிவிட்டு அக்கா தங்கையின் பக்கம் திரும்பினார். "அப்படியா சொல்ற கண்ணு?" என்று தங்கையிடம் சாடையில் கேட்டார். தங்கை தலையை ஆட்டினாள்.

நான் அதைத்தான் எழுதியிருந்தேன். எட்டு மாதம் வகுப்புக்குப் போய்ப் பாடமாகச் சொல்லித் திடப்படுத்தல் வாங்கியவள் நான். இந்தக் கேள்விக்கு எனக்கு இப்படி ஒரு பதில் ஒருபோதும் தோன்றியதில்லை.

கடைசியாகப் போதகர் கேட்டார், "கடவுள் எல்லாரையும் காக்காருன்னு படிக்கோம். உன்னைக் காப்பாத்தியிருக்காரா? உனக்குன்னு அவர் ஏதும் செஞ்சிருக்காரா?"

தங்கை என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பஸ் ஸ்டாண்டுங்க. அக்காளுக்குச் சோறு கொண்டு போறா. பின்பக்கமாப் போறாளுங்க, அங்க பஸ்ஸெல்லாம் ரிவர்ஸ் வருமுங்களே. கண்டக்டர் விசில் அடிச்சிருப்பானாட்ட இருக்குது, இவளுக்கு எங்க கேக்குது. தூக்குப்போசியப் பாத்துட்டே நடக்கறா. அப்ப பின்னாலிருந்து தோள்ல ஒரு கை. நல்லா அழுத்தி. இவ நின்னுட்டா. ஒரடி முன்னால பஸ்ஸு பின்சக்கரம் போவுதுங்க. திரும்பிப் பாக்கறா, ஆளே இல்லீங்க. அந்தப் பக்கம் பூரா வெயிலு. ஒருத்தரும் இல்லை. ஆனாக் கை இருந்துது, இங்க, இந்தத் தோள்லன்னு சொல்றாளுங்க."

நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். அவளைப் பின்பக்கமாக வரச் சொன்னது நான். அன்று அவள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டது நான். அவள் வந்து நின்றபோது கை நடுங்கியதா, முகம் வெளுத்திருந்ததா, எதையும் நான் பார்க்கவில்லை. யாராவது பார்ப்பதற்குள் போ என்றுதான் காட்டியிருப்பேன்.

அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். "குடோன்ல ஒருத்தருக்குத் தெரியாம நாடா தெறிச்சு வந்தா, நாங்க கத்த மாட்டோமுங்க, கத்தினாக் கேக்காது. பின்னால போயித் தோளத் தொட்டு நிறுத்துவோம். அவரும் அப்படித்தான் தொட்டாராம். எனக்குச் சத்தம் போட்டாக் கேக்காதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குதுன்னு சொல்றாளுங்க. அன்னைலிருந்து கடவுளுக்கு இதுதான் சாடையாமுங்க." அக்கா தன் வலது கையைத் தூக்கி, தன் இடது தோளை அழுத்தித் தொட்டுக் காட்டினார்.

போதகர் என்னிடம் வந்து காகிதத்தை வாங்கினார். கடைசிப் பதிலுக்கு எதிரே வெறுமையாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இந்த வருஷம் பன்னெண்டு பேர் எழுதியிருக்கேன். பதிமூணுன்னு மாத்திடுதேன்" என்றார் அம்மாவிடம்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, "எனக்கு உங்க சாமியப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க அய்யா. புள்ளை சொன்னத அப்படியே சொன்னேன். தப்பிருந்தா மன்னிச்சுப்போடுங்க" என்றார். போதகர் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையின் முன்னால் உட்கார்ந்தேன். பின்வாசல் பற்றி மன்னிப்புக் கேட்க எனக்குச் சாடை தெரியும், ஆனால் கை எழவில்லை. அவளே என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "திங்கக்கிழமைக்குச் சோறா, களியா?" என்று கேட்டாள். இனிமேல் முன்வாசல் வழியாகவே வரச் சொன்னேன். யார் வேடிக்கை பார்த்தாலும் கவலைப்படவில்லை. உள்ளே கண்ணாடிக் கூண்டில் ஒருவர் மெட்ராஸுக்குக் கத்திக்கொண்டிருப்பார். வெளியே நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிடுவோம். வாடிக்கையாளர்கள் சிலர் அவளிடம் இரண்டு மூன்று சாடை கற்றுக்கொண்டு போனார்கள்.

திடப்படுத்தல் ஞாயிறன்று குடோன் முதலாளி பகல் ஷிப்டை நிறுத்திவிட்டார். யாரும் லீவு கேட்கவில்லை, அக்கா முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். தறிக்காரர்கள் முப்பது பேர் குளித்துத் தலைசீவி, பெண்கள் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, எங்கள் கோயிலின் கடைசிப் பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக. கோயில் அமைதியாக இருந்ததால், ஆராதனையின்போது யாருக்கும் தொந்தரவில்லாமல் கையாலேயே பேசிக்கொண்டார்கள். முன் வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த என் தங்கை, திரும்பித் திரும்பி அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா பின்னாலிருந்து முறைத்தார்.

விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்தார்கள். பன்னிரண்டு பேர் வாயால் சொன்னார்கள். என் தங்கை கையால் சொன்னாள். பேராயரிடம் போதகர் முன்னமே சொல்லி வைத்திருந்தார். அவர் மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகும் காத்திருந்தார், ஏனென்றால் அவள் ஒரு வரி பின்னால் இருந்தாள். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் தெளிவாக, கடைசிப் பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி சொன்னாள். "சர்வ வல்லமையுள்ள பிதா" வருகிற இடத்தில் தன் தோளைத் தொட்டாள். கடைசிப் பெஞ்சில் யாரோ ஒரு பெண் விம்மியது கேட்டது. யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பேராயர் தலைமேல் கை வைத்து ஜெபித்தபோது ஒரு சிக்கல். முழங்காலில் நின்று தலை குனிந்திருந்தால் அவளுக்கு எதுவும் தெரியாது. அதற்காகப் போதகர் ஒரு வாரமாக எங்கள் வீட்டுக்கு வந்து சாடை பழகியிருந்தார். அந்த உயரமான மனிதர், வெள்ளை அங்கியைச் சுருட்டிக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்து, அவள் குனிந்த பார்வைக்கு நேராகக் கையை வைத்து, பேராயரின் ஜெபத்தைக் காட்டினார். பாதிக்கு மேல் சரியாகவே வந்தது. ஆசீர்வாதம் என்ற இடத்தில் மட்டும் தடுமாறி, "டீ குடிக்க வா" என்று காட்டிவிட்டார். தங்கையின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பேராயர் இன்னும் அழுத்திக் கை வைத்தார். கடைசிப் பெஞ்சுகளில் எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முப்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிறகு திருவிருந்து. அதற்குள் தங்கை எங்கள் பெஞ்சுக்கு வந்துவிட்டிருந்தாள். எங்கள் பெஞ்சு முறை வந்தபோது யாரும் முட்டியை ஒதுக்கவில்லை. எல்லோருமே எழுந்தோம்.

அப்பா அதிகம் பேசாதவர். அன்று ஆராதனை முடிந்ததும் கோயில் கேட்டருகே போய் நின்றுகொண்டார். வெளியே போகிற ஒவ்வொருவரையும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் நிறுத்தி, "அந்த வெள்ளைச் சேலைங்க, கையால சொன்னது, என்ற சின்னப் புள்ளைங்க" என்றார். சபைச் செயலருக்கும் சொன்னார், அவருக்குத் தெரியாதது போல. செயலர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தானுங்க புள்ளையக் கொறச்சு நெனச்சுப்போட்டேன்" என்றார். அப்பா அதையும் கேட்டுக்கொண்டு, அடுத்து வந்தவரிடம் திரும்பினார்.

அதன்பிறகு எங்கள் கோயிலில் பிரசங்கத்தின்போது ஒருவர் பக்கத்தில் நின்று சாடை காட்டுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் நான்தான். அடுத்த வருஷமே பொள்ளாச்சியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் காது கேளாதவர்கள் இரண்டு பஸ் மாறி வர ஆரம்பித்தார்கள். அவர்களுடைய பள்ளிக்கூடச் சைகையும் எங்கள் தறிச் சாடையும் கலந்து புதிதாக ஒரு பாஷை ஆகிவிட்டது. வகுப்பு எடுப்பது என் தங்கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் கழித்து, சுகமளிக்கும் ஜெபம் செய்கிற பிரசங்கியார் ஒருவர் கோயமுத்தூருக்குக் கூட்டம் நடத்த வந்தார். ஊழியத்துக்கு உதவி கேட்டு எங்கள் சபைக்கும் வந்திருந்தார். நாள் முழுக்க மைக்கில் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. தங்கையைப் பற்றி யாரோ சொல்ல, அவர் அவளை அழைத்து, "மகளே, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வா, உன் செவியைக் கர்த்தர் திறப்பார்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அதைச் சாடையில் சொன்னேன். தங்கை பணிவாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் பேனா கேட்டு வாங்கி, காகிதத்தில் எழுதி அவரிடம் கொடுத்தாள். வழக்கம்போல வாக்கியம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தது.

"ஐயா நன்றி. எனக்கு வேண்டும்போது அவர் சொல்வது தெரிகிறது எனக்கு. ஞாயிறு வகுப்பு உண்டு பதினொரு பேர், அதனால் கூட்டம் வர முடியாது. உங்கள் தொண்டைக்கு நான் ஜெபிக்கிறேன்."

பிரசங்கியார் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கரகரத்த குரலில் வாய்விட்டுச் சிரித்தார். தங்கை அங்கேயே, கோயில் வராந்தாவில் நின்று கண்ணை மூடி, கைகளை மெதுவாக அசைத்து அவருக்காக ஜெபித்தாள். அவர் தலை குனிந்து நின்றார். அம்மா போதகர் வீட்டுக்குள் போய் மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுச் சுடுதண்ணீர் வைத்துக் கொண்டுவந்து, "குடிச்சுப்போட்டுப் போங்க அய்யா, சரியாப் போயிரும்" என்று கொடுத்தார்.